புரோபேட் வேண்டுமா? முதலில் பெயர்களைப் பாருங்கள்

கணவரோ மனைவியோ இறந்த வீட்டில், அந்தியேட்டி முடிவதற்குள்ளேயே ஆளாளுக்குச் சட்டம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "உயில் இருக்கிறதா? அப்படியென்றால் புரோபேட் எடுத்தே ஆக வேண்டும்" என்பது இலண்டன் செத்தவீடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் தீர்ப்பு. நம்பாதீர்கள். புரோபேட் என்பது இறந்தவரின் சொத்தைக் கையாள நீதிமன்றம் தரும் அனுமதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயில் இருந்தும் புரோபேட் தேவைப்படாத குடும்பங்கள் உண்டு. உயில் இல்லாமல் நீதிமன்ற அனுமதிக்கு அலைபவர்களும் உண்டு. சொத்து யார் பெயரில், எந்த வகையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வீட்டில் தொடங்குங்கள். பத்திரத்தில் இருவர் பெயரும் இருப்பது மட்டும் போதாது. 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' ஆக, அதாவது பங்கு பிரிக்காமல் முழு வீடும் இருவருக்கும் சேர்ந்தே சொந்தம் என்று வாங்கியிருந்தால், உயில் என்ன சொன்னாலும் இறந்தவரின் உரிமை உங்களுக்கே வந்துவிடும். டிஜேபி என்ற படிவத்தை இறப்புச் சான்றிதழுடன் நிலப் பதிவகத்துக்கு அனுப்பினால் அவர் பெயரை நீக்குவார்கள், கட்டணம் கிடையாது. 'டெனன்ட்ஸ் இன் காமன்' என்றால் அவர் பங்கு தனிச் சொத்து, அதற்குப் பெரும்பாலும் புரோபேட் வேண்டும். எந்த வகை என்று நினைவில்லையா? பதிவேட்டின் நகலை இணையத்தில் வாங்கிப் பாருங்கள். உரிமையாளர் ஒருவர் மட்டும் மிஞ்சினால் தனியே விற்க முடியாது என்ற கட்டுப்பாடு அதில் இருந்தால், அநேகமாக இரண்டாவது வகை.

கூட்டுக் கணக்கில் உள்ள பணம் உயிரோடிருப்பவருக்குப் போகும். இறந்தவர் பெயரில் மட்டும் உள்ள கணக்குதான் சிக்கல். புரோபேட் கேட்காமல் எவ்வளவு தொகை வரை விடுவிப்பது என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே முடிவுசெய்கிறது. சிலவற்றில் 5,000 பவுண்டு, சிலவற்றில் 50,000. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஈமச்சடங்குக் கட்டணச் சீட்டைக் காட்டினால், முடக்கிய கணக்கிலிருந்தே வங்கி அதைச் செலுத்துவதும் உண்டு. அவருடைய அட்டையைக் கொண்டுபோய்ப் பணம் எடுக்காதீர்கள்.

உயில் இல்லாவிட்டால் எல்லாம் மனைவிக்கே என்ற நினைப்பும் தவறு. பிள்ளைகள் இருந்தால், வீட்டுப் பொருட்களும் முதல் 3,22,000 பவுண்டும் துணைக்கு. மிச்சத்தில் பாதி துணைக்கு, பாதி பிள்ளைகளுக்கு. இதில் 'துணை' என்பது சட்டப்படி மணந்தவர். இங்குள்ள கோயிலில் தாலி கட்டி, பதிவுத் திருமணத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விதியின்கீழ் எதுவும் கிடையாது. உடனே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். ஊரில் முறைப்படி நடந்து பதிவான திருமணம் என்றால் அந்தச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

ஊரில் உள்ள காணிக்கு இங்கே பெறும் அனுமதி தானாகச் செல்லாது. அதை அங்குள்ள வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.