புத்தாண்டுப் பெட்டி வேட்டை: திருகோணமலைப் பூங்காவில் எங்கே சறுக்கும்?

சித்திரைப் புத்தாண்டு லீவுக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே இழுக்க லெட்டர்பாக்ஸிங் நல்ல விளையாட்டு. செலவு குறைவு, கைபேசி தேவையில்லை, நகரத்துப் பூங்கா ஒன்றின் பரப்பே போதும். சின்னப் பெட்டிக்குள் ஒரு றப்பர் சீலும் ஒரு கொப்பியும் வைத்து மறைத்துவிடுவீர்கள். குறிப்பைப் படித்துத் தேடி வருகிறவர் அந்தச் சீலைத் தன் கொப்பியில் குத்திக்கொள்வார். தன்னுடைய சீலைப் பெட்டியில் இருக்கும் கொப்பியில் பதிப்பார். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்.

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், 1854இல், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயரட்டையை அதற்குள் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். விளையாட்டு அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆனால் டார்ட்மூர் ஆளரவமற்ற சதுப்பு நிலம். நம் பூங்காவில் கச்சான் விற்கிறவர் இருப்பார், பந்தடிக்கிற பெடியன்கள் இருப்பார்கள், சில வேளை கோட்டைப் பக்கத்திலிருந்து மான்களும் வரும். அங்கே சரியாக வந்தது இங்கே அப்படியே வராது.

முதல் தவறே பெரிய தவறு: பெட்டியை எல்லோரிடமிருந்தும் மறைப்பது. தேடுகிறவர்களுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். பூங்காக் காவலாளிக்கும், பராமரிக்கும் சபைக்கும், பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போரையும் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளையும் பார்த்த நாடு இது. கறுப்பு டேப் சுற்றிய ஒரு பெட்டி வாங்குக்கு அடியில் அநாதையாகக் கிடந்தால், காண்கிறவர் பொலிசுக்குத் தகவல் சொல்வார், சொல்லத்தான் வேண்டும். அப்புறம் உங்கள் புத்தாண்டு விளையாட்டால் பூங்காவையே மூடவேண்டி வரும். ஆகவே முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உள்ளே இருப்பது தெரியும்படி ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியைப் பயன்படுத்துங்கள். மூடியில் தமிழிலும் சிங்களத்திலும் ‘இது பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி’ என்று எழுதி, ஏற்பாட்டாளரின் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். வயரும் பற்றரியும் உள்ள மினுங்கும் விளக்கு அலங்காரம் எதுவும் பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம்.

இதே காரணத்துக்காக பிரெட்ரிக் கோட்டைக்குள் பெட்டி வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். பழைய மதிலும் மரநிழலும் ஆளை இழுக்கும், உண்மைதான். ஆனால் உள்ளே இராணுவம் இருக்கிறது, கோட்டையும் பாதுகாக்கப்பட வேண்டிய பழஞ்சின்னம். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களும் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். கும்பிடப் போகிறவர்களின் கால்களுக்கிடையில் பிள்ளைகள் பெட்டி தேடி ஓடுவது அழகில்லை. கோட்டையும், அந்தக் கோயில் இருக்கும் சுவாமிமலையும் குறிப்பில் வரட்டும், தூரத்தில் தெரியும் அடையாளமாக. பெட்டி பூங்காவிலேயே இருக்கட்டும்.

இனிக் குறிப்புகள். நம் ஊருக்கே உரிய ஒரு சறுக்கல் இதில் உண்டு. ‘கடலைப் பார்த்து நின்று இடப்பக்கம் இருபது அடி’ என்று எழுதிவிடுவார்கள். திருகோணமலை நகரத்தில் நின்றுகொண்டு எந்தக் கடலைப் பார்ப்பது? ஒரு பக்கம் டச்பே, மறுபக்கம் பின்குடா, பின்னால் திரும்பினால் உள்துறைமுகம். எழுதியவருக்கு அது தெளிவு, ஏனென்றால் அவர் அந்த இடத்தில் நின்றுகொண்டு எழுதினார். வாசிக்கிற பிள்ளை வேறு வாசலால் உள்ளே வந்திருக்கும். திசை சொல்வதென்றால் கிழக்கு, மேற்கு என்று சொல்லுங்கள், அல்லது அசையாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கரையில் ஏற்றி வைத்த வள்ளம், நிறுத்தியிருக்கும் ஓட்டோ, விளம்பரப் பதாகை இவற்றையெல்லாம் அசையாதவை என்று நம்பக்கூடாது. ‘வேப்பமரத்தடியில்’ என்று எழுதமுன் அங்கே எத்தனை வேம்பு நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடிக்கணக்கும் ஆபத்துத்தான்: நீங்கள் இருபது காலடியில் கடக்கும் தூரம் ஏழு வயதுப் பிள்ளைக்கு முப்பது காலடியாகும்.

நிழலை வைத்துக் குறிப்பு எழுதுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ‘கம்பத்தின் நிழல் விழும் பக்கம் போ’ என்பது கதைகளில் நன்றாக இருக்கும். புத்தாண்டை ஒட்டிய நாட்களில்தான் திருகோணமலைக்கு நேர் மேலே சூரியன் வருகிறது. பன்னிரண்டு மணி தாண்டிய சில நிமிடங்களில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. அதுவரை வடக்கே விழுந்துவந்த நண்பகல் நிழல், அதன் பிறகு தெற்கே விழத் தொடங்கும். அந்த வெயிலில் பிள்ளைகளை அலைய விடுவதும் சரியில்லை. காலை ஒன்பது மணிக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் நாலு மணிக்குப் பிறகு தொடங்குங்கள். நிழல் தேவையென்றால் விடுகதையாக அதையே கேட்கலாம்: ‘எனக்கு நிழல் இல்லாத நாள் எது?’

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். புத்தாண்டன்றே வேட்டை வைத்தால் யார் வருவார்கள்? புண்ணியகாலம், மருத்துநீர், கோயில், பெரியவர்கள் வீடு என்று அந்த நாள் போய்விடும். அடுத்துவரும் சனி, ஞாயிறு பொருத்தம். வெளியூரிலிருந்து உப்புவெளி, நிலாவெளிக்கு வந்தவர்கள் கடற்கரைப் பக்கத்தை நிறைக்கும் காலம் என்பதால், கூட்டம் இல்லாத காலை நேரமே பெட்டி வைக்கவும் வசதி.

பண்டிகைக் கருப்பொருளை வெறும் அலங்காரமாக்குவது இன்னொரு வீண்வேலை. இணையத்தில் கிடைக்கும் முயலும் வண்ண முட்டையும் சித்திரைக்கு எதற்கு? மருத்துநீர்ச் செம்பு, போர்த்தேங்காய், ஊஞ்சல், வெற்றிலை மேல் நாணயம், வேப்பம்பூ என்று ஐந்து சீல் வெட்டலாம். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எழுத்து வையுங்கள்: கை, வி, சே, ஷ, ம். ஐந்தும் கிடைத்தவர் கைவிசேஷம் என்று சொல்லிவிட்டால், அங்கே இருக்கிற வயதில் மூத்தவர் கையால் அதையே பரிசாகக் கொடுக்கலாம். சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்தால் எழுத்துக்குப் பதில் படத்துண்டு வையுங்கள்.

ஆனால் ஒரு பெட்டிக்குள் அடுத்த பெட்டியின் குறிப்பை வைக்கும் சங்கிலி முறையைத் தவிருங்கள். மூன்றாவது பெட்டி காணாமல் போனால் நாலும் ஐந்தும் இருந்தும் இல்லாத மாதிரித்தான். எல்லாக் குறிப்பையும் ஒரே தாளில் கொடுத்து, ஒவ்வொரு குழுவையும் வெவ்வேறு பெட்டியில் தொடங்கச் சொல்லுங்கள். நெரிசலும் குறையும். ஓர் எழுத்துத் தவறினாலும் மற்ற நாலை வைத்துப் பிள்ளைகள் ஊகித்துவிடுவார்கள்.

சீல் வெட்டுவதில் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்வது எழுத்துத் திருப்பத்தில். அழிறப்பரில் நேராக வெட்டியது தாளில் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி விழும். ‘ப’ தப்பிவிடும், ‘ட’ தப்பாது. ‘கோ’ வெட்டினால் காலும் கொம்பும் பக்கம் மாறி நிற்கும். மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தமாக வரைந்து, வரைந்த பக்கத்தை அழிறப்பரில் கவிழ்த்துத் தேய்த்தால் படம் தானாகவே திரும்பிப் பதியும். அந்தக் கோட்டில் வெட்டினால் போதும். கூர்க்கத்தி வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். மைப்பெட்டியை வெயில்படும் பெட்டிக்குள் வைத்தால் காய்ந்துவிடும்; தேடுகிறவர்களே கொண்டுவரட்டும். மை காயமுன் கொப்பியை மூடினால் எதிர்ப்பக்கம் நாசம், இடையில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள். சீல் பெட்டியின் சொத்து, பரிசில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் ஆளோடு அது வீட்டுக்குப் போய்விடும்.

மறைக்கும் இடம் கண்ணுக்கு எட்டியதாக இருக்கட்டும். கைவிட்டுத் துழாவும் பொந்து, கற்குவியல் வேண்டாம். மட்டத்தேளும் பாம்பும் லீவு எடுப்பதில்லை. மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், சுவரில் அம்புக்குறி கீறாதீர்கள், மண்ணைத் தோண்டாதீர்கள். முறுக்கு, பயத்தம் பணியாரம் எல்லாம் பரிசு மேசையில் இருக்கட்டும். பெட்டிக்குள் வைத்தால் முதலில் எறும்பு கண்டுபிடிக்கும், அடுத்தது காகம்.

கடைசி வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அன்று மாலையே எல்லாப் பெட்டிகளையும் எடுத்துவிட வேண்டும். மறைத்த இடங்களின் பட்டியல் ஒருவரின் மண்டைக்குள் மட்டும் இருந்தால் அவர் அவசரமாக வீட்டுக்குப் போனதும் ஒன்றிரண்டு பெட்டி அங்கேயே தங்கிவிடும். தாளில் எழுதி இருவரிடம் கொடுத்துவையுங்கள். ஈரம் படாமல் கொப்பியைச் சுற்றிய பொலித்தீன் உறையையும் சேர்த்து எண்ணி எடுங்கள். நகரத்தில் அலையும் மான்கள் அதைத் தின்றுவிடும்.