சோர்ஸ் கோடில் மாவட்டப் பெயரை மொத்தமாக மாற்ற

2019-இல் தென்காசி தனி மாவட்டமாகியும், பழைய கோடில் ‘சங்கரன்கோவில், திருநெல்வேலி மாவட்டம்’ என்றே பல ஃபைல்களில் கிடக்கும். மாவட்டப் பெயரை மட்டும் தேடி மாற்றாதீர்கள். திருநெல்வேலியிலேயே இருக்கும் அம்பாசமுத்திரமும் நாங்குநேரியும் சேர்ந்து தென்காசிக்குப் போய்விடும். ஊர்ப் பெயரோடு சேர்த்தே தேடுங்கள்.

முதலில் கமிட், அதாவது இப்போதைய நிலையை ‘கிட்’டில் (git) சேமிப்பது. பிறகு ஃபைல்களுக்குள் தேடும் ‘கிட் கிரெப்’பில் (git grep) சிறிய எல், இசட் (-lz) ஆப்ஷன்கள் கொடுத்தால் அந்த வரி உள்ள ஃபைல் பெயர்கள் மட்டும் வரும். அந்தப் பட்டியலை, அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் ‘எக்ஸ்ஆர்க்ஸ் மைனஸ் பூஜ்ஜியம்’ (xargs -0) வழியாக, ஃபைலிலேயே சொல்லை மாற்றும் ‘செட் மைனஸ் ஐ’க்கு (sed -i) அனுப்புங்கள். இசட்டும் பூஜ்ஜியமும் ஜோடி. பெயரில் இடைவெளி உள்ள ஃபைலும் உடையாமல் போவது இவற்றால்தான். மேக்கில் ஐ-க்குப் பின் ஒரு வெற்று மேற்கோள் ஜோடி கட்டாயம். ‘செட்’டின் மாற்று வரியின் கடைசியில் ஜி (g) போடாவிட்டால் வரிக்கு ஒன்றுதான் மாறும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘கோ’வின் உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கிரெப்புக்கு வேறு வேறு. ‘சங்கரன்’ என்று மட்டும் தேடி, ஃபைல் எண்ணிக்கையை முதல் தேடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக வந்த ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டு, என்ன மாறியது என்று காட்டும் ‘கிட் டிஃப்’ (git diff) ஓட்டியபின் கமிட் செய்யுங்கள்.