கோணாத சடை: மூன்று கால், நான்கு கால், பிரெஞ்சுப் பின்னல்

முதலில் தலை நன்றாகக் காயட்டும். ஈரத்தோடு பின்னினால் முடி இழுபட்டு அறும். காய்ந்ததும் பின்னல் தொளதொளத்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் உள்முடி மதியம்வரை காயாமல் வாடையும் அடிக்கும். நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துத் தடவினால் பறக்கிற முடி அடங்கும். அதற்கு மேல் வேண்டாம், கால்கள் (பின்னுவதற்குப் பிரிக்கும் முடிப் பிரிவுகள்) வழுக்கும்.

மூன்று கால்: பிடரியில் மூன்றாகப் பிரித்து, வலது காலை நடுக்காலின் மேல் போடுங்கள், அடுத்து இடது காலை. சடை கோணுவது பெரும்பாலும் முதல் நான்கு மடிப்பில்தான். அதுவரை முதுகுக்கு நேராகவே பின்னுங்கள். எடுத்ததுமே தோளுக்கு முன்னால் இழுத்தால் சடை அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும். நுனி மெலிந்திருந்தால் சவுரி (ஒட்டுமுடி) சேர்க்கலாம்.

நான்கு கால்: பலர் குழம்புவது இதில்தான், கைகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பின்னுவதால். இடது ஓரத்திலிருந்து மட்டும் தொடங்குங்கள். ஓரக்காலை அடுத்ததன் மேல், அதற்கடுத்ததன் கீழ், கடைசியின் மேல் விட்டு வலது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். இப்போது இடது ஓரத்துக்கு வந்திருக்கும் புதுக்காலுக்கும் அதே மேல், கீழ், மேல். பாய் முடைவது போலத்தான். நடுவில் விட்டுவிட்டால் எந்தக் கால் எது என்று தெரியாது. இரண்டு மடிப்பு அவிழ்த்துத் தொடங்குவதே சுலபம். கடைச் சவுரிக்குப் பெரும்பாலும் மூன்று கால்தான், அதனால் இதற்கு ஒத்துவராது.

பிரெஞ்சுப் பின்னல்: நெற்றிக்கு மேல் மூன்று விரல் அகல முடியை எடுத்து மூன்று காலாக்கி, ஒரு சுற்றுப் பின்னுங்கள். பிறகு ஒவ்வொரு ஓரக்காலையும் நடுவில் போடும் முன், அந்தப் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் கனத்துக்கு முடி சேர்த்துக்கொள்ளுங்கள். கனம் கூடிக் குறைந்தால் ஒரு பக்கம் புடைக்கும். கை தலையை ஒட்டியே இருக்கட்டும், தூக்கினால் பிடரியில் தொங்கிவிடும். ஓரக்காலை மேலே போடாமல் அடியில் விட்டால் அது டச்சுப் பின்னல், மேடாகத் தெரியும்.

முடிக்கும்போது துணி சுற்றிய ரப்பர் பேண்ட் போதும். வெறும் ரப்பர் முடியைப் பிய்த்துக்கொண்டு வரும். பூ வைப்பதென்றால் முழத்தை இரண்டாக மடித்து, பிடரியில் ஹேர்பின்னை பின்னலுக்குள் குறுக்கே செருகுங்கள். மேல்முடியில் மட்டும் குத்தினால் பஸ் ஏறுவதற்குள் சரிந்துவிடும்.