சிலிக்கான் ஒன்றைத் தாண்டி ஓடியபோது: என் அனுபவம்

வியாசர்பாடி வீட்டில் ராத்திரி லேப்டாப்பில் ரீட்வெல்ட் பொருத்தம் (படிக அமைப்பின் மாதிரியைத் திருத்தித் திருத்தி எக்ஸ்-ரே வரைபடத்தோடு ஒத்துப்போக வைக்கும் கணக்கு) போடும்போதெல்லாம், சிலிக்கானின் இருப்பு விகிதம், அதாவது அதற்குரிய இடங்களில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்ற எண், 1-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் ஓர் அணுவுக்கு மேல் எப்படி இருக்கும்?

பொருள் டைட்டானியம் சிலிக்கான் கார்பைடு. மூன்று டைட்டானியம், ஒரு சிலிக்கான், இரண்டு கார்பன். 1967-இல் ஜைட்ச்கோவும் நோவோட்னியும் கண்டறிந்த அறுகோண அமைப்பு. அதன் அலகுக் கூட்டில் ஏ அச்சின் நீளம் 3.07 ஆங்ஸ்ட்ராம்தான், சி அச்சு 17.67.

எக்ஸ்-ரே வரைபடத்திலேயே விடை இருந்தது. ஒவ்வொரு சிகரமும் ஓர் அணுத்தளத் தொகுதியிலிருந்து வருவது; 104, 008 என்பவை அந்தத் தளங்களின் குறியெண்கள். செம்பிலிருந்து வரும் எக்ஸ்-ரே கதிரில் 39.5 டிகிரி அருகே வரும் 104 சிகரம்தான் உயரமாக இருக்க வேண்டும். என் வரைபடத்தில் 40.8 அருகேயுள்ள 008 அதை மிஞ்சி நின்றது. துகள்கள் தட்டைத் தட்டையானவை; மேலிருந்து அழுத்தினால் சீட்டுக்கட்டு மாதிரி படுத்துவிடும். அதனால் 008 மிகையாகத் தெரிய, அதைச் சரிக்கட்டத்தான் கணக்கு சிலிக்கானை ஏற்றிக்கொண்டிருந்தது.

சரி என்று தூளை மறுபடி நன்றாக அரைத்துச் சலித்து, ஹோல்டரில் பக்கவாட்டிலிருந்து நிரப்பி எடுத்தேன். 008 இறங்கியது. மிச்சத்துக்கு, துகள்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கணக்கில் எடுக்கும் மார்ச்-டோலாஸ் திருத்தம், 001 திசையில் (சி அச்சின் திசை). அந்த எண் 1-க்குக் கீழே வந்தது. தட்டைத் துகள் படுத்திருப்பதற்கு அதுவே அடையாளம். 41.7 அருகே தெரிந்த குட்டிச் சிகரம் மிச்சமிருந்த டைட்டானியம் கார்பைடு, அதையும் இரண்டாவது பொருளாகச் சேர்த்தேன். அப்புறம் சிலிக்கானின் விகிதம் 1-ஐத் தாண்டாமல் அடங்கியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

கார்பனை மட்டும் எக்ஸ்-ரேயை நம்பித் திருத்தாதீர்கள். டைட்டானியத்தின் பக்கத்தில் அதன் சிதறல் மிகவும் பலவீனம். விகிதத்தை 1-இல் நிறுத்திவையுங்கள். கார்பன் குறைபாடு தெரிய வேண்டுமென்றால் நியூட்ரான் தரவுதான் சரி.