ஓப்பன்ஜேடிகே உரிமத்தைப் புரிந்துகொள்ளும் முறை
சம்மாந்துறையிலுள்ள நெல் ஆலையொன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதி விற்க விரும்பினால், ஜாவா மொழியில் நிரல் எழுதவும் இயக்கவும் உதவும் ஓப்பன்ஜேடிகே தளத்தைப் பதிவிறக்கியதும் அதனுடன் வரும் உரிமக் கோப்பை முதலில் வாசியுங்கள். அதன் பெரும்பகுதி, 1991இல் வெளியான ஜிபிஎல் எனும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ், கிளாஸ்பாத் விதிவிலக்குடன் வழங்கப்படுகிறது. இந்த விதிவிலக்கே நமக்கு மிக முக்கியமானது: தளத்தின் நூலகங்களோடு (ஆயத்த நிரல் தொகுப்புகளோடு) இணைந்து இயங்கினாலும், நீங்கள் தனியாக எழுதிய நிரலை விரும்பிய நிபந்தனைகளில் விற்கவும், அதன் மூலநிரலை வெளியிடாதிருக்கவும் அது இடமளிக்கிறது. ஆனால் தளத்தையே திருத்தி ஆலை உரிமையாளரிடம் கொடுத்தால், திருத்திய மூலநிரலையும் அதே உரிமத்தின் கீழ் அவருக்குக் கிடைக்கச் செய்தாக வேண்டும். உங்கள் கணினியில் மட்டும் பயன்படுத்தும்போது இக்கடமை எழாது. வெளியிலிருந்து சேர்க்கும் ஒவ்வொரு நூலகத்தின் உரிமத்தையும் தனித்தனியே பாருங்கள்; அவசரத்தில் இதைத் தவறவிடுவது எளிது என்பதால் வற்புறுத்திச் சொல்கிறேன்.