மின்சாதனத்தின் விவரத் தகட்டைப் படிப்பது எப்படி?

மின்சாதனத்தின் பின்புறம் உள்ள தகட்டில், எண்களை அடுத்து நிற்கும் எழுத்துகள் பெரும்பாலும் அறிவியலாளர்களின் பெயர்ச் சுருக்கங்களே. பெயரிலிருந்து பிறந்த அலகின் குறியீடு ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரும். நொடி, மீட்டர் போன்றவற்றுக்குச் சிறிய எழுத்தே உரியது. மின்தடையின் அலகான ஓமுக்கு மட்டும் கிரேக்க ஒமேகாவை எழுதுகிறோம். ஆங்கில முதலெழுத்தை இட்டால் அதைச் சுழியம் என்றே படிக்க நேரும்.

முதலில் வோல்ட்டையும் வாட்டையும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட், 1150 வாட் என்று ஒரு வெந்நீர்க் கெண்டியில் அச்சிட்டிருந்தால், வாட்டை வோல்ட்டால் வகுக்க 5 ஆம்பியர் கிடைக்கும். வோல்ட்டை அந்த 5 ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 46 ஓம். மோட்டார் உள்ள சாதனங்களில் திறன் காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் அளவில் உண்மையில் பயன்படும் திறனின் பங்கு) குறுக்கிடுவதால் இக்கணக்கு அப்படியே பொருந்தாது.

விடையைச் சரிபார்க்க, இணைப்பைத் துண்டித்த பிறகே மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். இழை பல்பில் இதைச் செய்பவர் திகைத்துப்போவார்: 60 வாட் பல்புக்குக் கணக்குப்படி ஏறத்தாழ 880 ஓம் வரவேண்டிய இடத்தில், மீட்டர் அதில் மிகச் சிறிய பங்கையே காட்டும். மீட்டரில் பழுதில்லை, டங்ஸ்டன் இழை சூடேறும்போதுதான் அதன் தடை பன்மடங்கு உயர்கிறது. ஓம் அலகுக்குப் பெயர் தந்த ஜெர்மன் இயற்பியலாளர் கியோர்க் ஓமுக்கும் ஆய்வில் ஒரு தொல்லை இருந்தது. வோல்டா 1800-இல் உருவாக்கிய மின்கல அடுக்கின் அழுத்தம் நிலையாக நிற்காததால், ஓம் வெப்பமின் இரட்டைக்கு (இரு உலோகங்களின் இணைப்புகளுக்கு இடையே உள்ள வெப்ப வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) மாறி அளந்து, 1827-இல் அழுத்தம், மின்னோட்டம், தடை ஆகியவற்றை இணைக்கும் தம் விதியை நூலாக வெளியிட்டார்.

வோல்ட், ஆம்பியர், ஓம், கூலும் (மின்னூட்டத்தின் அலகு), ஃபாரட் (மின்தேக்குத் திறனின் அலகு) ஆகிய ஐந்தையும் 1881-இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு ஏற்றுக்கொண்டது. நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயர் மின்சாரப் பட்டியலில் இருப்பது வேடிக்கைதான். ஆனால், வாட் என்பது எந்த வகைத் திறனுக்கும் பொதுவான அலகு.

மின்னூட்டத்தைச் சேமிக்கும் மின்தேக்கியின் மேல் முழு ஃபாரட்டை எதிர்பார்க்காதீர்கள். அது மிகப் பெரிய அலகு என்பதால், விசிறியில் இருக்கும் மின்தேக்கி சில மைக்ரோஃபாரட் அளவிலேயே இருக்கும். முன்னொட்டைப் பார்க்கும்போதும் எழுத்தின் அளவைக் கவனியுங்கள்: ஒரே ஆங்கில எழுத்து (எம்) சிறியதாக இருந்தால் மில்லி, பெரியதாக இருந்தால் மெகா, இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வேறுபாடு உண்டு.