வெயிலில் இளகாத கார்பன் ஃபைபர்: வீட்டிலேயே போஸ்ட் க்யூர் செய்வது எப்படி?

வெயிலில் நிறுத்திய ட்ரோனில் மோட்டார் திருகுகள் தளர்ந்துகொண்டே இருந்தன. திருகில் குறை இல்லை, கார்பன் நார்களை ஒட்டிப் பிடிக்கும் ரெசின்தான் (பிசின்) காரணம். அறைச் சூட்டில் இறுகிய எபாக்சி ரெசின் பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். கறுப்புப் பாகம் சித்திரை வெயிலில் அந்தச் சூட்டைச் சுலபமாக எட்டிவிடும். இதற்குத் தீர்வு போஸ்ட் க்யூர், அதாவது இறுகிய பாகத்தை ஓவனில் மெதுவாகச் சூடாக்கி ரெசினை மேலும் இறுகவைப்பது.

நார் வாக்கில் இழுத்துப் பார்த்தால் போஸ்ட் க்யூருக்கு முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தப் பலம் நாருடையது. அடுக்குகள் வழுக்காமல் பிடித்திருப்பதும், அழுத்தத்தையும் சூட்டையும் தாங்குவதும் ரெசினின் வேலை. க்யூர் மாறினால் இவைதான் மாறும்.

முதலில் வழக்கம்போல மோல்டில் (அச்சில்) லேஅப், அதாவது ரெசின் தடவிய கார்பன் துணியை அடுக்குவது; அதன்மேல் பீல் பிளை (பிறகு உரித்தெடுக்கும் துணி), ப்ரீதர் (காற்று வெளியேற வழிவிடும் பஞ்சுத் துணி), கடைசியாகக் காற்றை உறிஞ்சியெடுக்கும் வேக்குவம் பேக். பம்ப் வால்வை மூடிவிட்டு கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். உள்ளே தங்கும் காற்றுக்குமிழ் 1 சதவீதம் கூடினாலே அடுக்குகளின் பிடிப்பு ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். விமானப் பாகங்களை ஆட்டோகிளேவில் (அழுத்தமும் சூடும் தரும் மூடிய கலன்) 6, 7 பார் அழுத்தத்தில் வைப்பது இதற்காகத்தான். நமக்கு வேக்குவம் தருவது அதிகபட்சம் 1 பார்.

24 மணி நேரம் கழித்து, மோல்டோடு அப்படியே ஓவனுக்குள் வையுங்கள். சமையல் ஓவன் வேண்டாம். இங்கேதான் பொறுமை வேண்டும். நேராக 60 டிகிரிக்கு ஏற்றினால், இன்னும் முழுசாக இறுகாத ரெசின் இளகிப் பாகம் கோணிவிடும். மெதுவாக ஏற்றினால், சூடு ஏற ஏற ரெசினின் தாங்கும் அளவும் கூடவே உயரும். நான் மணிக்கு 10 டிகிரி வீதம் 60 வரை ஏற்றி, அங்கே 8 மணி நேரம் நிறுத்துகிறேன். உங்கள் ரெசினின் டேட்டாஷீட் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஆறவைப்பதும் மெதுவாகத்தான், 40-க்குக் கீழே வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியைக் காற்றில் தொங்கவிடாமல் பாகத்தின் மேலேயே ஒட்டுங்கள். கனமான மோல்ட் சூடாக நேரமாகும். காற்று 60 காட்டும்போது பாகம் வெகுவாகப் பின்தங்கியிருக்கும். குமிழ் திருகும் சாதாரண தெர்மோஸ்டாட்டை நான் நம்புவதில்லை. சூட்டைத் தானே அளந்து, படிப்படியாக ஏற்றி நிறுத்தும் பி.ஐ.டி. கன்ட்ரோலர் வாங்குங்கள், செலவழித்த பணம் வீண்போகாது. ஹீட் கன் வேண்டவே வேண்டாம், ஓரிடத்தில் கருகும், பக்கத்தில் பச்சையாகவே இருக்கும்.

பின்சேர்ப்பு: பாகம் வளைந்துவிட்டது என்று படம் அனுப்பியவரின் மோல்ட், பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்தது. அது 60 டிகிரியிலேயே இளகும், ஆகவே மோல்டையும் கவனியுங்கள். மேற்பரப்பில் நெசவு தெரிகிறது என்று இன்னும் சிலர் கேட்டார்கள். சூட்டில் ரெசின் மேலும் சுருங்குவதால் அப்படித் தெரியும். கிளியர் கோட்டை (நிறமற்ற மேல்பூச்சு) போஸ்ட் க்யூர் முடித்து, தேய்த்த பிறகே அடியுங்கள்.